வியாழன், எட்டிலிருந்து ஒன்பது வரை

இந்தக் கட்டடத்தின் நீராவி அறை
வியாழன் எட்டிலிருந்து ஒன்பது வரை எங்களுடையது.
ஒன்பது அடித்தால் மூன்றாம் மாடிக் குடும்பம்
துண்டும் குழந்தைகளுமாய் வந்து நின்றுவிடும்.
எங்கள் சண்டைக்கு ஆயுள் ஒரு மணி நேரம்.

வெளியே கெமி துறைமுகம் உறைந்து கிடக்கிறது.
உள்ளே எண்பத்தைந்து டிகிரி.
'உப்பு வாசல்' நான்காம் பாகம் வந்து
இன்றோடு பதினோரு நாள்.

"அம்புக்குறி" என்றான் தார்மோ மேல்பலகையிலிருந்து,
கெட்ட வார்த்தையைத் துப்புவது போல.
"வடக்கே போ என்று மஞ்சளாய் மினுக்குகிறது.
போனால் அங்கே வடக்குதான் இருக்கிறது.
அதற்கு நான் பேருந்தில் போவேனே!"

முதல் பாகத்தில் அம்பு கிடையாது.
ஓடக்காரன் ஒருவன் இருந்தான், ஒற்றைக் காது.
வழி கேட்டால் பொய் சொல்வான்.
அவனை நம்பிச் சதுப்பில் இறங்கிய தார்மோ
நாலு சாயங்காலம் வெளியே வரவில்லை.
"அந்த நாலு சாயங்காலம்தான் ஆட்டம்.
மற்றதெல்லாம் படம் காட்டுதல்."

நான் கல்மேல் தண்ணீர் ஊற்றினேன்.
ஆவி எழுந்து எல்லார் காதையும் கடித்தது.

இல்போ இரவுப் பணி, பளுதூக்கி ஓட்டுகிறவன்.
வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், பல் முளைக்கும் பருவம்.
"எனக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம்.
அதில் சதுப்பில் தொலைய யார் எனக்கு லீவு தருவது?
அம்பு இருந்துவிட்டுப் போகட்டும்.
ஒரு தடவையாவது
எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் எனக்கு."

ராய்சா சிரித்தாள்.
"பதினோரு சதுரத்தில் ஒரு முகம் அது, தார்மோ.
அதில் பொய்யை எங்கே கண்டாய்?
புதியதில் பார்,
பொய் சொல்லுமுன் அவன் இமை துடிக்கிறது."

"அதுதான் கெட்டது" என்றான் தார்மோ.
"முன்பெல்லாம் அதைத்
துடிக்க வைத்தது நான்."

கொஞ்ச நேரம் கல் மட்டும் பேசியது.

(இரண்டாம் பாகம்தான் சிறந்தது என்பது என் கட்சி.
கட்சியில் நான் ஒருவன்.
வாளியும் என்னிடமே இருப்பதால்
வாரா வாரம் ஊற்றிக்கொண்டே சொல்கிறேன்,
சீறலில் யாருக்கும் கேட்பதில்லை.)

"சரி, முதல் பாகத்தையே எடுத்துக்கொள்" என்றாள் ராய்சா.
"கடைசி வாசலில் ஓடக்காரன் ஒன்று கேட்பானே,
நீ என்ன பதில் சொன்னாய்?"

தார்மோ முழங்காலைப் பார்த்தான்.
வியர்வை மூக்கு நுனியில் திரண்டு,
நின்று, விழுந்தது.

"மெமரி கார்டு" என்றான்.
"என் தங்கை ஹில்லா
அவளுடைய குதிரையை அதன்மேல் சேமித்துவிட்டாள்.
கடைசி வாசலுக்கு முந்தின இரவு.
இருபத்திரண்டு வருஷமாச்சு."

இருபத்திரண்டு வருஷமாய்
பார்க்காத முடிவுக்காக
எங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறான்.
இல்போ சிரிப்பை அடக்கப்போய் இருமினான்.
"பழைய பெட்டி என் பரணில் இருக்கிறது. தரட்டுமா?"
"வேண்டாம்."
"அவன் கேட்பது என்னவென்றால்..." ராய்சா ஆரம்பித்தாள்.
நாற்பது வயது ஆண்பிள்ளை, இடுப்பில் துண்டு,
இரு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு
ஏதோ ஒரு மெட்டை உரக்க முனகினான்.
முதல் பாகத்துச் சதுப்பு இசை அது.
ஒரு சுருதி பிசகவில்லை.

கதவு தட்டப்பட்டது. ஒன்பது.

உடை மாற்றும் அறையில் குளிர்ந்த தரை.
ராய்சா காலுறைக்குள் விரல்களைத் திணித்துக்கொண்டிருந்தாள்.
தார்மோ சட்டைக்குள் தலை மாட்டியபடி,
முகம் இன்னும் வெளியே வராமலே,
யாரையும் கேட்காதது போலக் கேட்டான்:

"எந்தப் பக்க இமை?"

"இடது."

துணிக்குள் ஒரு நீண்ட யோசனை.

"காது இல்லாத பக்கம்" என்றான்.