எட்டாம் எண் அட்டை

ஜவ்வரிசி மணி ஒன்றையும்
ஈயக்குண்டு ஒன்றையும்
உள்ளங்கையில் வைத்தால்
கண்ணை மூடியே சொல்லிவிடுவேன் எது எதுவென்று.
அப்பா ஆலையில் மூட்டை எண்ணுகிறார்,
நான் டப்பா.
ஐந்நூறு குண்டுள்ள ஒரு டப்பா
அவருக்கு ஒன்றரை நாள் கூலி.

கன்னங்குறிச்சி சாலையில்
முன்பு கோழிப்பண்ணையாக இருந்த தகரக் கொட்டகை.
பத்து மீட்டர். எட்டு வரிசை.
பின்சுவருக்கு அப்பால் சேர்வராயன் மலை;
உள்ளே நிற்பவருக்கு அது இல்லை.
ஒரு வருடமாக நான் பார்த்ததெல்லாம்
ஒரு கறுப்பு வட்டம்,
அதன் நடுவே முற்றுப்புள்ளியைவிடச் சின்னதாய்
ஒரு வெள்ளை.

துப்பாக்கி கிளப்புடையது.
காலையில் எனக்கு,
மாலையில் ஸ்டீல் பிளான்ட் குவார்ட்டர்ஸ் பையனுக்கு.
கன்னம் வைக்கும் கட்டையை
அவன் உயரத்துக்கு ஏற்றிவிட்டுப் போவான்.
நான் இறக்குவேன்.
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
ஒருநாள் என் அளவில்
நெயில் பாலிஷால் கோடு போட்டேன்.
மறுநாள் அதற்கு மேலே
நீலப் பேனாவில் ஒரு கோடு.

சித்திரை. தகரம் கொதிக்கிறது.
யாரோ ஒருத்தி போட்டுப் பழசாக்கிய கான்வாஸ் கோட்டு;
குகையில் செருப்புக் கடைக்காரர்தான்
பொத்தானை எனக்காக இடம் மாற்றித் தைத்தார்.
மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால்
நாடி குழல் நுனிக்கு வந்து துடிக்கும்.
வியர்வை முதுகில் இறங்கி
இடுப்புப் பட்டையில் நின்று யோசிக்கும்.

மண்டலப் போட்டிக்கு எனக்கு ஏழாம் வரிசை.
எட்டில் ஈரோட்டுப் பெண், சொந்தத் துப்பாக்கி,
உறையில் பெயர் தைத்திருந்தது: ஆதிரா கந்தசாமி.
முப்பதாவது குண்டு வரை
நான் முன்னால் இருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.
வெளியே டி.வி.எஸ் சத்தம்.
துப்பாக்கியை இறக்கித் திரும்பினேன்.
அப்பாதான். சட்டையெல்லாம் மாவு.

மறுபடி நின்றேன்.
தோள், கன்னம், மூச்சு
ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன,
பஸ்ஸில் இடம் கிடைத்தவர்கள் போல.
சுட்டதே தெரியவில்லை.
அப்படி ஒரு குண்டு
அதற்கு முன்பு நான் சுட்டதில்லை.

மோட்டார் இழுக்க
என் அட்டை திரும்பி வந்தது
புத்தம் புதிதாக.

எட்டாம் அட்டையில் இரண்டு ஓட்டை.
ஒன்று எட்டில்.
இன்னொன்று இருந்த இடத்தில்
வெள்ளைப் புள்ளியே இல்லை.
ஆதிரா கையைத் தூக்கினாள். நடுவர் வந்தார்.
எது யாருடையதென்று சொல்ல முடியாதபோது
உயர்ந்தது அட்டைக்காரருக்கு.
விதி அப்படி.
மோகனப்ரியா சு. என்பதற்கு நேரே
ஒரு பூஜ்யம் போட்டார்,
வட்டமாக, ரொம்ப அக்கறையாக.

ஒரு புள்ளியில் அவள் தேர்வானாள்.
ஈயம் போகக் கை கழுவும் இடத்தில்
"நான் சுட்டது எட்டுதான்" என்றாள்.
"தெரியும்" என்றேன்.
சோப்பை என் பக்கம் நகர்த்தினாள்.

அஸ்தம்பட்டி ரவுண்டானா வரை
அப்பா வாய் திறக்கவில்லை.
பிறகு, "யாரு அட்டையா இருந்தா என்ன,
நடுவுலதானே பட்டுச்சு?"
விதியைச் சொன்னேன்.
ஐந்து ரோடு மேம்பாலம் ஏறி இறங்கினோம்.
"முழுசா பத்தா?"
"முழுசா."
அதற்குப் பிறகு வண்டியை
அவர் கொஞ்சம் திமிராக ஓட்டினார்.

கருப்பூரில், இரவு,
ஜவ்வரிசி அள்ளி முடித்த களம்.
சிமெண்ட் இன்னும் சூடாக இருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு
வெறுங்கையோடு நின்றேன், துப்பாக்கி இருப்பது போல.
எதிரே இரண்டு மின்கம்பம்.
இடப்பக்கக் கம்பம் என்று மனதில் வைத்து
கண்ணை மூடி, உடம்பை அதன் போக்கில் விட்டு,
திறந்தேன்.
கை வலப்பக்கக் கம்பத்தில் இருந்தது.

சாக்கட்டியால் பாதங்களைச் சுற்றி வரைந்தேன்.
வலது குதிகாலை
ஒரு விரற்கடை முன்னே தள்ளி
மறுபடி கண்ணை மூடினேன்.