ஆறு மூக்குகள்

செவ்வாய் காலை, கோல்ட்பெக் அரங்கின் மாடி அறை.
ஹீட்டர் இருமுகிறது. வெளியே யார்க்‌ஷயர் மழை.
மேசையில் எழுபத்திரண்டு நாய்களின் அட்டைகள்,
ஆறிப்போன தேநீர், நான்.
ஆறாறாய்ப் பிரித்து முடிக்க வேண்டும்.

வேகமான நாயைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று
என் மைத்துனர் இன்னும் நம்புகிறார்.
அதற்கு ஒரு கடிகாரம் போதும்.
நான் தேடுவது
ஆறு மூக்கும் ஒன்றாய்க் கோட்டைத் தொடும் ஓர் ஓட்டம்.
பத்தொன்பது வருடத்தில் நடந்ததில்லை.

நானூற்றெண்பது மீட்டர், மணல்.
நனைந்த மணல் என்றால் எல்லார் கணக்கிலும்
கொஞ்சம் தள்ளுபடி.
ஓர் உடல் நீளம் என்பது
வினாடியை நூறாக்கி அதில் எட்டு.
நீங்கள் இமைத்து முடிப்பதற்குள்
நாலு நாய் நீளம் போய்விடும்.

ஜெயித்தாயா, ஏறு: ஏ ஆறிலிருந்து ஏ ஐந்து.
அங்கே உன்னைவிடக் காலுள்ளவர்கள் இருப்பார்கள்.
தோற்றுக்கொண்டே இரு, இறக்குகிறேன்,
உன்னால் ஜெயிக்க முடிகிற இடம்வரை.
ஜெயித்த மறுநாள் அங்கிருந்தும் கிளப்பிவிடுவேன்.
இது கொடுமை என்று ஒருத்தி கடிதம் போட்டாள்.
எங்கள் வீட்டுச் செலவும் இப்படித்தான் அம்மணி என்று
எழுதி, கிழித்துவிட்டேன்.

சிலர் ஓட்டத்துக்கு முன் ஒரு வாளித் தண்ணீர் காட்டுவார்கள்.
வயிறு கனத்துத் தோற்கும், தரம் இறங்கும்,
பிறகொரு வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு பறக்கும்,
யாரோ ஒருவரின் சட்டைப்பை உப்பும்.
அதற்குத்தான் கீழே அந்தத் தராசு.

நோரிஸ் டிண்டல் அந்த ரகம் இல்லை.
அவர் வேன் கதவையே கயிறுதான் பிடித்திருக்கிறது.
அவருடைய பட்டன்: கறுப்பு ஆண்,
அயர்லாந்தில் பிறப்பு, இரு காதிலும் பச்சை எழுத்து.
சோதனை ஓட்டத்தில் ஒரு சூரனின் பக்கத்தில் விட்டோம்,
சூரனோடு சூரனாய் வந்தான்.
ஏ மூன்று என்று எழுதினேன்.

ஏ மூன்றில் ஐந்தாவதாய் வந்தவனோடு வந்தான்.
ஏ ஐந்தில், வளைவில் இடறிப் பின்தங்கிய
ஒரு பழுப்புப் பெட்டையோடு.
ஏ எட்டில் கிழவன் ஒருவனோடு.
துரத்த மனமில்லாதவனா என்று விசாரணை வைத்தார்கள்.
வீடியோவை ஏழு தடவை ஓட்டினேன்:
தலை திரும்பவில்லை, கண் முயல்பொம்மைமேல்,
யாரையும் இடிக்கவில்லை.
தனியாகப் போகிறவனைத்
தனியாகப் போகவிடவில்லை, அவ்வளவுதான்.
அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

இறங்கி இறங்கி ஏ பத்து.
அதற்குக் கீழே இங்கே தரம் இல்லை.
அதிர்ஷ்டம் இருந்தால், யார் வீட்டிலோ ஒரு சோபா.

போன சனிக்கிழமை, ஒன்பதாவது ஓட்டம்.
ஆறாம் கூண்டில் வரிச்சட்டையோடு பட்டன்,
ஐந்தில் ஆரஞ்சுச் சட்டையில் ஹாலோ மில் சூசன்,
வருடமெல்லாம் கடைசியாய் வந்தவள்.
முதல் வளைவில் சிவப்பும் நீலமும்
வெள்ளையும் கறுப்பும் ஒரே முடிச்சு.
வெளிவட்டத்தில் இரண்டு பேர் மட்டும்
மழையில் பேசிக்கொண்டு போவதுபோல் போனார்கள்.

நடுவர் மெர்வின் படத்தைப் பெரிதாக்கினார்,
இன்னும் பெரிதாக்கினார், மீசைமயிர் தெரியும் வரை.
"பிரிக்க முடியாது" என்றார்.
பாதிப் பணம்தான் என்று ஜன்னலில் சண்டை.
நோரிஸ் சிப்ஸ் பொட்டலத்தைத் திறக்காமலே
கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரே நேரம். ஆகவே
ஒரே தரம். இருவரும் ஏ ஒன்பது.

இன்று இவர்களை வேறு வேறு ஓட்டத்தில் போடலாம்.
போட வேண்டும். அதுதான் முறை:
அவன் தனியே என்ன செய்வான் என்று பார்ப்பது.
தொலைபேசி அடிக்கிறது, நோரிஸாக இருக்கும்,
எடுக்கவில்லை.

ஐந்தில் சூசன்.
ஆறில் பட்டன்.
இன்னும் நாலு மூக்கு பாக்கி.