பின் சீட்

சாம்பவிக்குப் பதினேழு முடிந்து பதினொரு நாள்.
பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் ஓட்டலாம் என்கிறது தாள்.
எந்தப் பெரியவர் என்றும் அதிலேயே இருக்கிறது:
சுகந்தினி. அவளுடைய அம்மா.
என் பெயர் இல்லை.

ஃப்ளென்ஸ்பூர்க்கில் என் கணக்கில் இரண்டு புள்ளி கிடக்கிறது,
போன மாரியில்
ஹாகன் ரயில் நிலையத்தடிச் சிக்னலில் வாங்கியது.
மஞ்சள் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.
கேமரா சிவப்பு என்றது,
அதுவும் ஒன்று தசம் நாலு செக்கன் சிவப்பு.
ஒரு மாதம் பஸ்ஸில் போனேன்.
அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

ஆகவே திங்கள் இரவு ஒன்பதேகாலுக்கு,
சாப்பாட்டுப் பெட்டி மடியில்,
என் ஓபலின் பின் சீட்டில்
வலப்பக்கமாக ஏறி இருக்கிறேன்.
பதினைந்து வருசத்தில் இந்தப் பக்கம் வந்ததெல்லாம்
வக்கூம் பிடிக்கத்தான்.
முழங்கால் முன்னால் இடிக்கிறது.
ஜன்னலில் ஒரு ஸ்டிக்கர், பாதி முள்ளம்பன்றி.
மற்றப் பாதியை யார் தின்றது என்று எனக்குத் தெரியும்.

"கண்ணாடி சரி. அம்மா சரி. அப்பா, பெல்ட்."
"போட்டிட்டன்."
"சத்தம் கேக்கேல்ல."
போட்டேன்.

எங்கள் தெரு ஒரு ஏற்றம்.
கைப்பிரேக்கில் வைத்து, கிளட்சைப் பாதி விட்டு,
ஒரு நடுக்கம்,
பிறகு ஏறுகிறது.
நான் வலக்காலால் தரையை அமத்துகிறேன்.
அங்கே பிரேக் இல்லை.
கார்பெட்டுக்கு அடியில் ஏதோ நொறுங்குகிறது,
எந்த வருசத்துப் பிஸ்கட்டோ.

சுகந்தினி கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள்,
விமானம் இறங்கும்போது பிடிப்பதுபோல.
ஆனால் வாய் திறக்கவில்லை,
இருபது வருசம் என் பக்கத்தில் இருந்து
"மெல்ல, மெல்ல" என்றவள்.
நான்தான் கதைக்கிறேன்.

"வலப்பக்கத்தால வாறவனுக்கு விடு."
"விடுறன்."
"இது முப்பது."
"இருபத்தெட்டில போறன்."
"அந்தச் சைக்கிள்—"
"அப்பா, நீங்கள் வேலைக்குப் போறீங்களோ,
பரீட்சை வைக்கிறீங்களோ?"

பின்கண்ணாடிக்கு அவள் கண் வரும்போதெல்லாம்
என்னைப் பார்க்கிறாள் என்று
முகத்தைச் சரிசெய்கிறேன்.
அவள் பார்ப்பது எனக்குப் பின்னால் வரும் பஸ்ஸை.

ரயில் நிலையத்தடி. அதே கம்பம்.
மஞ்சள் விழுகிறது.
கோட்டுக்கு ஒரு சாண் இருக்க நிற்கிறாள்.
மூன்று பேரும் அண்ணாந்து பார்க்கிறோம்,
வைப்பர் இரண்டு தரம் போய் வருகிறது,
சிவப்பு வருகிறது.
"மஞ்சள் இப்பிடித்தான் இருக்கும் அப்பா."
சுகந்தினியின் தோள் குலுங்குகிறது.
அழுகை இல்லை.

பார்சல் நிலைய வாசலில்
எச்சரிக்கை விளக்கைத் தட்டி நிறுத்துகிறாள்.
கைப்பிடியை இழுக்கிறேன். கதவு வரவில்லை.
இன்னொரு தரம்.
தோளாலும் தள்ளி.

நானே பூட்டியது.
மூன்று வயதில், டோர்ட்முண்ட் நெடுஞ்சாலையில்,
ஒற்றைச் சப்பாத்தை வெளியே எறிய
அவள் கதவைத் திறக்கப் பார்த்த அன்று.
கதவு விளிம்பில் ஒரு சின்னத் துளை,
திறப்பின் நுனியை விட்டுத் திருப்பினேன்.
பிறகு அவள் வளர்ந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.
பின்னால் யார் ஏறப்போகிறார்கள்?

தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து,
சைக்கிள் இல்லை என்று கண்டு,
இறங்கி, மழைக்குள் சுற்றி வந்து திறக்கிறாள்.
"தலை," என்கிறாள்,
கூரை விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு.

இறங்கினதும் வீட்டுத் திறப்பை எடுத்துக் குனிகிறேன்,
அந்தத் துளையைத் தேடி.
"இப்ப வேண்டாம் அப்பா. பின்னால பஸ் நிக்குது."

வண்டி ஒருதரம் இருமி நின்றது.
நான் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு நடந்தேன்.
இரண்டாம் தரம் போயிற்று.

உள்ளே கார்டைத் தட்டும்போதுதான்
கை வெறுமையாக இருந்தது தெரிந்தது.
சாப்பாட்டுப் பெட்டி பின் சீட்டில்,
பெல்ட் போடாமல்,
வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.