பெற்றுக்கொண்டேன்

காலை ஏழு மணிக்கு
மழலையர் பள்ளிச் சுவரில் வெப்பமானி பதினொன்று காட்டியது.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தாறு.
இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜன்னல்,
அதன் விரிசலில் நான் திணித்த கம்பளித் துண்டு.

பிள்ளைகள் தொப்பியோடு தூங்கினார்கள்.
கையுறையைக் கழற்ற மாட்டேனென்ற சரங்கோவுக்குக்
கரண்டி பிடிபடவில்லை.
கஞ்சி மேசையில் உறைந்தது.

நான் லுவ்சந்தோர்ஜ்.
இருபத்திரண்டு குளிர்காலமாக
ஒரு சோவியத் இரும்புக் கிழத்துக்குக் கரி ஊட்டுகிறவன்.
இருமும், துப்பும், ஆனாலும் எரியும்.

போன கோடையில் மாவட்டத் தலைவர் தாஷ்ன்யாம்
காரை விட்டு இறங்காமல் ஒரு காகிதம் நீட்டினார்.
"புதுக் கொதிகலன். எண்பது மில்லியன் துக்ரிக்.
உலான்பாத்தரிலிருந்து பணம் வந்துவிட்டது,
சாமான் வழியில் இருக்கிறது.
சும்மா ஒரு கையெழுத்து."
அடியில் அச்சடித்திருந்தது:
பெற்றுக்கொண்டேன்.
பேனா அவருடையது.
கை என்னுடையது.

செப்டம்பரில் முதல் பனி. வழியில் இருக்கிறது என்றார்கள்.
அக்டோபரில் ஆட்டுக்கிடைகள் மலையிறங்கின.
வழியில் இருக்கிறது.
நவம்பரில் தலைவர் வீட்டுக்கு இரண்டாம் மாடி வந்தது.
அது மட்டும் வழியில் எங்கும் நிற்கவில்லை.

எல்லோருக்கும் தெரியும்.
கடைக்காரி ஒயுன்பிலெக்குக்குத் தெரியும்,
அவள் தராசுக்குத் தெரியும்.
எல்லோருக்கும் தெரிந்த ஒன்று
யாருக்கும் தெரியாததாகிவிட
ஒரு கோப்பை உப்புத் தேநீர் ஆறும் நேரம் போதும்.

ஜனவரியில் பொதுக்கூட்டம், பண்பாட்டு மண்டபத்தில்.
தலைவர் ஆண்டின் சாதனைகளை வாசித்தார்.
ஒன்பதாவது:
புதுக் கொதிகலன், குளிரறியாக் குழந்தைகள்.
கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்.
கையுறைக் கைகள் தட்டினால்
தலையணையை அடிப்பது மாதிரிதான் சத்தம் வரும்.

அப்போது சரங்கோவின் அம்மா துமென்ஜர்கல் எழுந்தாள்.
கரிச் சுரங்கத்தில் லாரிகளை எடை போடுகிறவள்.
ஏற்றிய எடைக்கும் எழுதிய எடைக்கும்
வித்தியாசம் பார்த்துப் பழகிய கண்.
மேலங்கிக்குள்ளிருந்து அந்த வெப்பமானியை எடுத்தாள்,
ஆணியோடு.

"காலையில் இது பதினொன்று காட்டியது.
இந்த மண்டபத்தில் இருபத்திமூன்று.
நீங்கள் நிற்கும் இடம் சூடாகத்தான் இருக்கிறது.
கொதிகலன் எங்கே?"

தலைவர் சிரித்தார். கோபப்படவில்லை.
"ரசீது இருக்கிறதே.
வாங்கியவரைக் கேளுங்கள்,
அதோ, கடைசி வரிசையில்."

நூறு மென்மயிர்த் தொப்பிகள் திரும்பின.

எழுந்திருக்க எனக்கு எவ்வளவு நேரமானது என்று தெரியாது.
முழங்காலில் கரித்தூள் இருந்தது, அதைத் தட்டிவிட்டேன்.
பிறகு இன்னொரு முழங்காலையும்.
"வரவில்லை" என்றேன்.
"பொய் என் கையெழுத்தில் இருக்கிறது.
யார் நீட்டினார், எந்த நாள், எந்தக் கார்,
சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

விசாரணை அதிகாரியை அனுப்பச் சொல்வதாகத் தலைவர் கூறினார்.
"வழியில் இருக்கிறாரா?" என்றது யாரோ ஒரு குரல்.
மண்டபம் அந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாகச் சிரித்தது.
ஆனால் ஒருவரும் கலைந்து போகவில்லை.
விளக்கை அணைத்துப் பார்த்தார்கள்.
அப்போதும் போகவில்லை.

ஒயுன்பிலெக் கடனேட்டிலிருந்து ஒரு தாள் கிழித்தாள்.
கைபேசி வெளிச்சத்தில் எழுதினோம்.
எண்பது மில்லியன் என்ற ஒற்றை எண்,
எங்கே என்ற ஒற்றைச் சொல்.
முதல் கையெழுத்து என்னுடையது.
இந்த முறை
கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுப் போட்டேன்.

வேலை போகலாம். சிறையும் வரலாம்,
கையெழுத்து கையெழுத்துதானே.
நாளை ஐந்து மணிக்குக் கரி அள்ள வேண்டும்.
கிழத்துக்கு இதெல்லாம் தெரியாது,
பசிக்கும்.