பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்

முன்பக்கம் ஷீட் கணக்கு.
எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தான்,
கையில் எவ்வளவு தந்தான்.
நோட்டைத் தலைகீழாய்த் திருப்பி
கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் நாள் அவன் சொன்னபோது
நான் நோட்டு எடுக்கவில்லை.
அதையும் எழுதத்தான் வேண்டும்.
"நீ என்னல செய்த?" என்றுதான் கேட்டேன்.
ஷார்ஜாவிலிருந்து அவன் அப்பா
"ஆம்பளப் பிள்ளதானே, திருப்பிக் குடுக்கச் சொல்லு" என்றார்.
இரண்டுக்கும் தலையாட்டினான் ஷிபின்.
பிறகு ஒரு வாரம் வாய் திறக்கவில்லை.

பால்வெட்டுக்குப் போக மூன்று மணிக்கு எழுந்தால்
குளியலறையில் வெளிச்சம்.
யூனிபார்ம் சட்டையைப் பக்கெட்டில் முக்கி
ஒரு ரூபாய் ஷாம்பூ மூன்றை உடைத்து ஊற்றி
அந்தக் குளிரில் கசக்கிக்கொண்டிருந்தான்.
"வாடை போகல்லம்மா" என்றான்.
நெற்றியில் கட்டிய லைட்டை அணைத்தேன்.
என் முகத்தை அவன் பார்க்கக் கூடாது.

ஜூன் 19, புதன். தண்ணீர்க் குழாயடி.
"ஒட்டுப்பாலு வருது, மூக்கப் பொத்துங்கல."
ஐந்து பேர்.

ஜூன் 24, திங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்தார்கள்.
பொன்மனை முதல் குலசேகரம் வரை நின்றே போனான்.

ஜூலை 2, செவ்வாய். பேக்குக்குள் ஒட்டுப்பால் துண்டு.
யாரோ தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறான்.
அப்படியானால் அவன் வீட்டிலும் அதே நாற்றம்.
(இது நானாக எழுதிய வரி. ஸ்கூலில் வாசிக்கவில்லை.)

இடவப்பாதி மழை விடாமல் நின்ற ஒரு நாள்,
வெட்டு இல்லாத நாள்,
கூலி போகாத நாளாய்ப் பார்த்துப் போனேன்.
"பிள்ளைங்க விளையாட்டுக்குச் சொல்லுகது" என்றார் தலைமையாசிரியை.
"பெருசாக்காதீங்க."
நோட்டைத் திறந்தேன்.
தேதி, இடம், சொன்ன சொல், கூட நின்றவர்.
என் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
லிஜோ பெயர் வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"அவன் அப்பா யாருன்னு தெரியுமா?"
தெரியும் டீச்சர்.
சனிக்கிழமைதோறும் என் ஷீட்டை நிறுப்பவர்.

அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பச் சொல்லவில்லை.
அசெம்பிளியில் நிறுத்திக் கைகுலுக்க வைக்காதீங்க என்றேன்.
இடைவேளையில் குழாயடியில் ஒரு ஆள் நிற்கட்டும்.
ஒவ்வொருத்தனையும் தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க.
என்றைக்குப் பதில் சொல்வீங்க, எழுதித் தாங்க.
பேனா ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றது.
வெள்ளிக்கிழமை என்று எழுதினார்.

மரத்தில் கத்தி தொலியோடு நின்றால்
பால் வடியும், தொலி மறுபடி வளரும்.
தடி வரை போனால் முண்டு கட்டும்.
அந்த இடத்தில் பிறகு வெட்டவே முடியாது.
இது சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும்.
என் பிள்ளைக்கு எவ்வளவு ஆழம் போயிருக்கு என்று
பார்க்கத்தான் தெரியவில்லை.

சனிக்கிழமை
ஷீட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார் கடைக்காரர்.
"ஈரம்" என்று ஒன்றரை கிலோ கழித்தார்.
எப்போதும் ஒன்றுதான்.
காசை எண்ணித் தந்துவிட்டு, தராசைப் பார்த்தபடி
"அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல" என்றார்.
என் பையனும் முதலில் சொல்லவில்லை என்றேன்.
அரை கிலோவை முன்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

ராத்திரி ஷிபின் நோட்டை எடுத்து
விரல் வைத்து வரிவரியாய் வாசித்தான்.
"தப்பா எழுதியிருக்கம்மா.
அஞ்சு பேரில்ல, நாலு.
பிபின் சிரிக்கல்ல. சும்மா பாத்துட்டு நின்னான்."

ஐந்தை அடித்து நான்கு என்று திருத்தினேன்.
கீழே இடம் இருந்தது.
பிபின், நின்றான் என்று எழுதி
அவன் வீடு எங்கே என்று கேட்டேன்.