வட்டில்லாப் பெட்டிகளின் வட்டவிதானை

இருபத்திரண்டு பெட்டிகள்.
ஒன்றுக்கும் வட்டில்லை.
விடிந்தால் தங்கள் பெயரே தெரியாது அவற்றுக்கு.
முதலாம் பாடத்துக்கு மணி அடிக்கும்,
இருபத்திரண்டு விரல்கள் ஒரேயடியாய் அமுக்கும்,
மல்லாவிப் பள்ளிக்கூடத்து ஒற்றைச் சேவரைப் பார்த்து
இருபத்திரண்டும் கத்தும்:
நான் ஆர்? நான் ஆர்? நான் ஆர்?

நாற்பது நிமிசப் பாடத்தில்
பதினொரு நிமிசம்
கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாய்ப் போனது.

"புதுசு கேட்டு எழுதுவம், மிஸ்" என்றார் அதிபர்.
எழுதினால் வர மூன்று வருசம்.
நான் மேசைக்கடியில் ஊர்ந்தேன்.

அங்கே
எட்டுக் கம்பி போகவேண்டிய தலையில்
நாலே நாலு.
நீலச் சோடியும் மண்ணிறச் சோடியும்
வெட்டி மடக்கியபடி கிடந்தன.
ஆரோ பின்னேர பஸ்ஸுக்கு அவசரப்பட்டிருக்கிறார்.

இரண்டு சனிக்கிழமை.
சேவரினதோடு நாற்பத்தாறு தலை.
வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம்
என்று வாய்க்குள் செபித்துச் செபித்து நெரித்தேன்.
ஆறு தலை பிழைத்தது, ஒரு நகமும்.

வவுனியாவில் வாங்கிய ஆயிரம் மெகாபிட் சுவிச்
மடியில் இருந்தது.
மாங்குளத்தில் பஸ் திரும்பும்போது
பக்கத்துச் சீற்றுக்காரி
பெட்டியின் துளைகளைப் பார்த்து
"கோழிக்குஞ்சோ பிள்ளை?" என்றா.
ஓம் என்றேன்.

சேவருக்கு நினைவகம் இன்னும் எட்டு ஜிபி.
ஒருக்கால் தோண்டி எடுத்ததை
மற்ற இருபத்தொரு பேருக்கும்
ஏன் திரும்பத் திரும்பப் போய்த் தோண்டுவான்?
கையிலேயே வைத்திரு.

பிறகும் நாலு நிமிசம்.

மிச்சத்தை வவுனிக்குளத்து வாய்க்காலில் படித்தேன்.
துருசு திறந்த அன்றே
எல்லாரும் ஒன்றாய் வரம்பை வெட்டினால்
கடைசி வயல்காரன் மண்வெட்டியோடு நிற்பான்,
சில வேளை
உன்னை நோக்கியும் வருவான்.

முறை வைத்தேன்.
யன்னல் வரிசை முதல்.
இருபது எண்ணி நடு வரிசை.
இன்னும் இருபது, கதவோரம்.
சோக்கால் எழுதிய அந்த வரிகளுக்குக் கீழே
எவனோ என் பெயரை அழித்து
வட்டவிதானை என்று எழுதி வைத்தான்.
வட்டே இல்லாத பெட்டிகளுக்கு!

இன்று தொண்ணூறு செக்கன்.
அதிபர் வந்து நின்று பார்த்து
ஒன்றும் விளங்காமல் கைதட்டினார்.

பதினேழாம் நம்பரில் சானுகா மட்டும்
முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.
"கணக்கு வீட்டுவேலை
அந்தப் பதினொரு நிமிசத்திலதான் மிஸ் நான் செய்யிறனான்."

பழைய சுவிச் இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.
பதினேழின் வயரை மட்டும்
அதில் செருகுவமோ என்று
ஒரு கணம்
உண்மையாகவே யோசித்தேன்.