எடை போடுகிறவள்

ஃபெரிச்சேயில் ஆறரை மணிக்கு வரும் சத்தம்
முதலில் காதில் விழாது.
அலமாரியில் கிண்ணங்கள்
ஒன்றையொன்று உரசிக்கொள்ளும்.
நான் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.
குளியலறைத் தராசுதான்,
நாம்ச்சே சந்தையில் வாங்கியது.
குளிரில் அதன் முள் இரண்டு கிலோ
கூட்டிப் பொய் சொல்லும்.
கழித்துத்தான் எழுதுவேன்.

காற்று மெலிந்த ஊர்.
கீழிருந்து ஐந்து பேரைச் சுமந்து வந்த ஹெலிகாப்டர்
இதற்குமேல் மூன்று பேரைத்தான் தூக்கும்.
எனவே இறக்கி, நிறுத்து, பிரித்து,
காலாபத்தருக்கு இரண்டு நடை.
நடை என்றா சொன்னேன்?
போக ஏழு நிமிடம்,
நிற்கப் பத்து நிமிடம்,
வர ஏழு.

தராசில் ஏறும்போது எல்லாருக்கும் ஒரே முகம்.
சாவோ பாவ்லோ பல் மருத்துவர்
வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார்.
ஒரு மணப்பெண்,
வெள்ளைப் பட்டுக்கு அடியில் கம்பளிக் காலுறை,
எண்ணை அவரிடம் சொல்லிவிடாதே என்று
என் காதில் கெஞ்சினாள்.
சொல்லவில்லை.
கேப்டன் நிரோஜுக்கு மட்டும்
விரலில் காட்டினேன்.

சுழலும் இறக்கைக் காற்றில்
எங்கள் சுவரில் அப்பிய யாக் வறட்டிகள்
பெயர்ந்து பறக்கும்.
ஒன்று ஒரு பெல்ஜியக்காரரின் தோளில் அமர்ந்தது.
அவர் அதையும் படமெடுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒருநாள்
ஒருவருக்குத் தலைவலி; வரவில்லை என்று
எங்கள் அடுப்போரம் சுருண்டுவிட்டார்.
"யாங்ஜி, ஏறு" என்றார் நிரோஜ்.
"முதலில் அதில் ஏறு."
என் தராசில் நான் நின்றதே இல்லை.
ஐம்பத்தொன்று.
பெயர் எழுதவில்லை, எண்ணை மட்டும் எழுதினேன்.

துக்லா ஏற்றம் எங்கே?
பதினோரு இடத்தில் நின்று மூச்சு வாங்குவேனே,
அந்த ஏற்றம்?
மேலிருந்து பார்த்தால் ஏற்றமே இல்லை.
உதறாத போர்வையில் ஒரு கசங்கல்.
மலையில் மாண்டவர்களுக்கு அடுக்கிய கற்குவியல்கள்
சிந்திய உப்பு.
பக்கத்திலிருந்தவள்
"எவ்வளவு சுலபம்!" என்றாள்.
எனக்குக் கோபம் வரவில்லை.
எனக்கும் அப்படித்தான் தெரிந்தது,
அதுதான் உறுத்தியது.

லோபுச்சே தாண்டி
இரண்டு கறுப்புப் புள்ளி, நடுவே ஒன்று.
உர்க்கேன்.
முந்தின நாள் விடியலில்
எரிவாயு உருளைகளை யாக்குகளில் கட்டிப் போனவன்.
நிரோஜ் எனக்காகத் தாழ்த்தினார்.
"உன் ஆள்தானே, கை காட்டு!"
காட்டினேன். கண்ணாடியைத் தட்டினேன்.
கயிற்றைப் பிடித்தபடி
பாறைப் பக்கம் திரும்பி நின்றான்.
இந்தச் சத்தத்துக்கு அவன்
என்றைக்கும் மேலே பார்த்ததில்லை.

உச்சியில் பத்து நிமிடம்.
எல்லாரும் சோமோலுங்மாவுக்கு முதுகைக் காட்டி
சிரித்து நின்றார்கள்.
நான் படமெடுத்துக் கொடுத்தேன்.
எல்லாப் படத்திலும் ஓரத்தில்
என் நிழலின் தலை.

மூன்றாம் நாள் உர்க்கேன் திரும்பினான்.
செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தான்.
"பாவி, தலைக்குமேல் வந்து நின்றான்.
சாம்பல் யாக் மிரண்டு ஓடியது.
ஒரு உருளை ஓடைக்குள் போச்சு.
வாடகைக்காரன் நம் தலையில்தான் கட்டுவான்.
அன்றைக்கு எவனெவன் ஏறினான்?
கணக்கை எடு."

எடுத்தேன்.
அடுப்பு வெளிச்சத்தில்
அவன் விரல் வரிவரியாக இறங்கியது.
தொண்ணூற்றிரண்டு.
எழுபத்தெட்டு.
பிறகு நின்றது.

"இதென்ன, பெயரே இல்லை.
ஐம்பத்தொன்று.
குழந்தையா?"

கெட்டிலை இறக்கி வைத்தேன்.
அவன் கிண்ணத்தை நிரப்பினேன்,
விளிம்பு வரை, வழியும்வரை.

"குளிர்ல அந்தத் தராசு
பொய் சொல்லும்" என்றேன்,
"தெரியாதா."